கூத்தனும் கூத்தியும்

தில்லையில் ஆடுகிறவனுக்குக் கூத்தன் என்று பெயர். அம்பலக்கூத்தன், கூத்தபிரான், ஆடவல்லான் என்று வாய் நிறையச் சொல்கிறோம். மூன்று சோழ மன்னர்களின் அவையில் இருந்த பெரும்புலவர் ஒட்டக்கூத்தர். அந்தச் சொல்லுக்குப் பெண்பால் கூத்தி. ஆடுகிறவள் என்பதுதான் பொருள். பிறப்பில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் கூத்தி, கூத்தியாள் என்றால் இன்றைக்கு வைப்பாட்டி. தாசர் என்றால் தம்பூராவோடு புரந்தரதாசர் கண்முன் வருகிறார். தாசி என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். அடியார் என்ற சொல்லுக்கு நேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. அறுபத்துமூவரும் அடியார்கள். சிவனடியார் வாசலுக்கு வந்தால் விழுந்து கும்பிடுகிற நாடு இது. தேவரடியார் என்பதும் அதே அடியார்தான், தேவனுக்கு அடியவர். அது பேச்சில் தேய்ந்து எந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது என்பது தமிழ் பேசும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண்ணை, அல்லது ஒருவனைப் பெற்றவளை, ஆகக் கேவலமாகத் திட்ட வேண்டுமென்றால் அதைத்தான் எடுக்கிறார்கள். அந்த வடிவத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

1960-களின் தொடக்கத்தில் காவிரிப் படுகையில் ஒரு கோயிலூரில் நான் சிறுமி. சன்னதித் தெரு முனையில் பஞ்சாயத்துக் குழாய். குடம் வைக்கிற வரிசையில் சண்டை மூண்டால் கொஞ்ச நேரத்தில் அந்த வசவு வந்துவிடும். குழாய்க்கு நேர் எதிரே இருந்த வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மாள் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். எழுபதை நெருங்கிய வயது, எலுமிச்சை நிறம், முதுகு வளையாத உட்காரல். அந்தச் சொல் விழுந்ததும் சண்டைக்காரிகள் உட்பட எல்லாரும் ஒரு நொடி அந்தத் திண்ணைப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்வார்கள். அவர் கிள்ளிய காம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். திட்டியது யாரோ, திட்டு வாங்கியது யாரோ, இவர் ஏன் எழுந்து போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாயியிடம் கேட்டேன். "அவங்க கோயில்ல ஆடுனவங்க. அந்தப் பேச்சு உன் வாயில வந்துச்சுன்னா சூடு வச்சிருவேன்" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

ஆனால் என் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அப்பாயி முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். மஞ்சள், கயிறு, தட்டில் பொன்தாலி, கூடவே நான். "அக்கா, பொண்ணுக்குக் கயிறு கோத்துக் குடுக்கணும். பத்தரைக்கு மேல நல்ல நேரம்." அந்த அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். தன் கழுத்திலிருந்த மணிச்சரத்திலிருந்து இரண்டு மணிகளைக் கழற்றி, கயிற்றில் முதலில் அவற்றைக் கோத்து, அப்புறம்தான் தாலியைக் கோத்தார். "தீர்க்காயுசா இருக்கட்டும் ஆயி" என்று என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். கடவுளுக்குப் பொட்டுக் கட்டிக்கொண்டவளுக்குப் புருஷன் சாவதில்லை, அதனால் நித்திய சுமங்கலி. அவள் கைபட்ட கயிறு கட்டியவளும் தாலியோடு இருப்பாள் என்பது நம்பிக்கை. தஞ்சைப் பக்கம் பல சாதிகளில் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. குழாயடியில் அந்தச் சொல்லை வீசியவர்களின் கழுத்திலும் அவர் கோத்த கயிறு கிடந்திருக்கும்.

அதற்குப் பிறகு நானே அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அவரைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார் அப்பாயி. முற்றத்துச் சுவரில் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே தோல்வாரில் கோத்த சலங்கை, வார் காய்ந்து விறைத்துப்போனது. எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டுவார், கட்டிக்காட்டச் சொன்னால் மாட்டார். அவர் பேச்சில் பரதநாட்டியம் என்ற சொல்லே வராது. சதிர் என்பார், அல்லது சின்ன மேளம். நாகசுரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். ஆட்டமும் அதன் பக்கவாத்தியமும் சின்ன மேளம். நட்டுவனார் தாளத்தோடும், மத்தளக்காரர் இடுப்பில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டும், துத்தி ஊதுகிறவர் தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டும் ஆடுகிறவளுக்குப் பின்னாலேயே நிற்பார்களாம். அவள் நகர நகர அவர்களும் நகர்வார்களாம். "மூச்சு முதுகுல படும். தாளம் காதுல விழ வேண்டாம், முதுகுல விழும்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. சாமி உலா போய்த் திரும்பியதும் கும்ப ஆரத்தி எடுத்து இறக்குவது அவர்கள் வீட்டு உரிமை. ஊர்க்கண்ணெல்லாம் பட்டு வருகிற சாமிக்குத் திருஷ்டி கழிப்பது. அதைச் சொல்லும்போது மட்டும் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். "குருக்கள் கையில தீபாராதனை. திருஷ்டி எடுக்குறது இந்தக் கை."

ஒருநாள் கொஞ்சம் பெரியவளாகியிருந்தேன், துணிந்து கேட்டேன். பொட்டுக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டீர்களா என்று. நெடுநேரம் பாக்கை வெட்டிக்கொண்டிருந்தார். "எட்டு வயசு ஆயி. யாரு கேட்டா? தாய்க்கிழவி முடிவு பண்ணுனா முடிஞ்சுது." தாய்க்கிழவி என்பது அந்த வீடுகளில் மூத்த பெண்ணுக்குப் பெயர், வரவுசெலவும் வித்தையும் பெண்ணின் வாழ்வும் அவள் கையில். பிறகு அவர் சொன்னதில் ஒரு பண்ணையாரின் பெயர் வந்தது, ஒரு கடன் பத்திரம் வந்தது, சின்ன வயதில் இறந்த ஒரு மகள் வந்தாள். நான் அதையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை, அது அவருடையது. கோயில் கலை, தெய்வத் தொண்டு என்று புகழ்பாடி அந்த எட்டு வயதுப் பிள்ளையை மறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதனால்தான் முத்துலட்சுமி ரெட்டியின் மீது எனக்கு இன்றும் பெருமதிப்பு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். டாக்டருக்குப் படித்து, சென்னைச் சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்த முதல் பெண்ணாகி, பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஆண்டுக்கணக்கில் போராடினார். ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டை 1929-இல் வந்த சட்டம் அவிழ்த்தது. அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக அவர் 1930-இல் தொடங்கியது ஔவை இல்லம். வழக்கத்தையே தடை செய்யும் சட்டம் 1947-இல் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே வாழ்க்கையை உள்ளேயிருந்து பார்த்தவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலாகவே அதை எழுதிப் போட்டார். எதிர்ப்பக்கத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள். தாசி என்ற பெயரை மறைக்காமல் வாழ்ந்தவர், தன் சொத்தைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். எங்கள் உரிமையையும் வித்தையையும் பறிக்காதீர்கள் என்று சட்டத்தை எதிர்த்த பெண்களோடு நின்றார். இந்த மூவருமே அந்த மரபின் பெண்கள். மூவரிடமும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். பெரியம்மாவின் முற்றத்தில் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்: கும்ப ஆரத்தி எடுத்த கையும் அவருடையதுதான், எட்டு வயதில் யாரும் கேட்காமல் விட்டதும் அவரைத்தான்.

சட்டம் வழக்கத்தை நிறுத்தியது. சொல்லை நிறுத்த எந்தச் சட்டமும் இல்லை.

தமிழ் படித்து, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன பிறகுதான் அந்தச் சொற்களின் பழைய வீடுகள் எனக்குத் தெரியவந்தன. சங்கப் பாட்டில் விறலி. பாணரோடு ஊர் ஊராகப் போய் அரசன் முன் ஆடியவள், உள்ளத்து உணர்வை உடலில் காட்டுகிற திறத்தால் அந்தப் பெயர் பெற்றவள். பிற்காலத்தில் விறலிவிடு தூது என்று ஒரு நூல் வகையே கிளம்பி, அவளைக் காமத் தூதுக்கு அனுப்பியது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டு வயதில் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கே அளவு சொல்கிறார் இளங்கோ. தோற்ற மன்னனின் குடைக்காம்பில் மணி பதித்துச் செய்த தலைக்கோலைத் தொழுது அரங்கில் வைத்த பிறகே ஆட்டம். ஆடி முடித்தவளுக்குக் கிடைத்த பட்டம் தலைக்கோலி. சோழர் கல்வெட்டுகளிலும் ஆடற்பெண்களின் பெயரோடு அந்தப் பட்டம் வருகிறது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது தஞ்சைப் பெரிய கோயிலின் மதில். வெளிப்புறச் சுவரில் இராசராசன் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். தளி என்றால் கோயில், அவர்கள் இருந்த தெருக்கள் தளிச்சேரி. எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதாவது தெருவின் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. திருவாரூரிலிருந்து வந்தவர்கள், பழையாறையிலிருந்து, திருவையாற்றிலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை அளக்கிற மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான். ஆடுகிறவனின் பெயர் கொண்ட மரக்காலால் ஆடுகிறவர்களுக்குக் கூலி அளந்திருக்கிறான் அந்த மன்னன். ஒருத்தி இறந்துபோனாலோ வேற்றூருக்குப் போனாலோ அவளுக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஆளைத் தேர்ந்து வைக்க வேண்டும். நட்டுவம் செய்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் அப்படியே பெயர் பெயராகப் பங்கு.

முதல்முறை அதை அச்சில் படித்தபோது பெயர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். எல்லாருக்கும் முன்னால் நக்கன் என்று வருகிறது. நக்கன் சேரமங்கை. நக்கன் தில்லையழகி. நக்கன் எடுத்தபாதம். எடுத்தபாதம்! தூக்கிய திருவடியையே பெயராக வைத்துக்கொண்ட ஒரு பெண். அவளைப் பெற்றவளோ ஆட்டம் சொல்லித்தந்தவரோ என்ன ஆசையில் அப்படி ஒரு பெயர் வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாதாரணப் பெண்களின் பெயரும் வீட்டு முகவரியும் இவ்வளவு துல்லியமாக உலகத்தில் வேறு எத்தனை இடத்தில் கிடைக்கும்?

தேவரடியார் என்ற பெயரும் சோழர் கால, பிற்காலக் கல்வெட்டுகளில் நிறைய வருகிறது. விளக்கு எரிக்கப் பொன் கொடுத்தவள், நந்தவனத்துக்கு நிலம் விட்டவள், திருமேனி செய்து வைத்தவள். கோயிலுக்கு விலைக்கு விற்கப்பட்ட பெண்களும் கல்வெட்டில் இருக்கிறார்கள், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் கொடை கொடுத்த பெண், இன்னாருடைய மகள், இன்ன கோயில் தேவரடியார் என்று கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறாள். ஊர் பார்க்கிற இடத்தில், அழியாத இடத்தில். கூச்சப்படுகிற பெயரை யாரும் கல்லில் வெட்டச் சொல்வதில்லை.

பிறகு அரசுகள் சரிந்தன, கோயில் வருமானம் போயிற்று, கொடுத்த பங்குகள் சுருங்கின, நிலமும் பணமும் வைத்திருந்த ஆண்களின் தயவில் அந்த வீடுகள் வாழ வேண்டிவந்தது. வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் சொற்களைக் கொண்டுவந்தார்கள். ஆடுகிறவள் என்பதற்குப் போர்ச்சுகீசியர் சொன்ன பைலடெய்ரா, பிரெஞ்சில் பயதேர் ஆயிற்று. 1838-இல் கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து அம்மணி முதலிய பெண்கள் பாரிசுக்குப் போய் ஆடியபோது, அந்த நகரமே அவர்களை அப்படித்தான் கூப்பிட்டுக் கொண்டாடியது. அம்மணிக்கு வெண்கலச் சிற்பம் செய்தார் ஒரு சிற்பி. 1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அந்தப் பெயரிலேயே பாலே நாடகம் வந்தது, இன்றும் ஆடுகிறார்கள். நம் சொல் நம் ஊரிலேயே வசவாகிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. 1892 வாக்கில் சென்னையில் நாட்டிய ஒழிப்புப் பேச்சு எழுந்தபோது, ஆடுகிறவள் வந்து நின்றாலே வீட்டுக்கு இழுக்கு என்று படித்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கூப்பிட்டு ஆடவைத்த ஆண்களைக் குறிக்க அப்போது ஒரு வசைச்சொல்லும் பிறக்கவில்லை.

ஆட்டத்துக்கு வேறு விதி வாய்த்தது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் தானே பெண்வேடம் கட்டி ஆடி, சதிருக்காக வாதாடினார். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி குமாரத்திகள் ஆடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சதிர் என்ற பெயர் உதிர்ந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-இல் அடையாற்றில் மேடையேறினார், 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. உடையும் மேடையும் மாறின. வாத்தியக்காரர்கள் பின்னாலிருந்து நகர்ந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள் என்று அன்று எழுதினார்கள், இன்றும் சிலர் அதே வார்த்தையை எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் பெரியம்மாவின் திண்ணை நினைவுக்கு வந்து எனக்கு நெஞ்சு எரியும். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி எந்தப் பெயர் மாற்றத்துக்குள்ளும் ஒளிந்துகொள்ளாமல் 1984-இல் கண்மூடும்வரை அந்த மரபின் கலைஞராகவே இருந்தார். சிருங்காரத்தைக் கழுவி எடுத்துவிட்டால் இந்த ஆட்டத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டவர் அவர். 1973-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள்.

பெரியம்மா அந்த விருதுக்கு முன்பே போய்விட்டார். சன்னதித் தெருவின் அந்த வீடு கைமாறி இப்போது அங்கே ஜெராக்ஸ் கடை.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் என் தங்கை பேத்திக்கு அரங்கேற்றம். கல்யாணப் பத்திரிகை மாதிரி அழைப்பிதழ். ராக்கொடி, ஜடைநாகம், சூரியப்பிறை, சந்திரப்பிறை, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் 'டெம்பிள் ஜுவல்லரி' என்று தனிக்கடையில் வாங்கியது. குழந்தை நன்றாக ஆடினாள், மெய்யாகவே நன்றாக ஆடினாள்; வர்ணத்தில் ஒரு இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டது. தொகுத்து வழங்கிய பெண் ஈராயிரம் ஆண்டு மரபு, கோயிலில் பிறந்த தெய்வீகக் கலை, பரதமுனிவர் என்றெல்லாம் சொன்னார். அந்தக் கோயிலில் ஆடியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டைக் காட்டினேன். எடுத்தபாதம் என்ற பெயரைப் பார்த்ததும் சிரித்தாள். "பாட்டி, இது போஸ் இல்லையா?" என்று எழுந்து நின்று இடதுகாலைத் தூக்கிக் காட்டினாள். பெயர்தான், உன் மாதிரி ஆடின ஒருத்தியின் பெயர் என்றேன். காலை இறக்காமலே கேட்டாள்: "அவங்களுக்கு டீச்சர் யாரு?" நட்டுவனார்களின் பெயரும் அதே கல்வெட்டில் இருப்பதைச் சொன்னேன். எந்த வீடு, எவ்வளவு நெல், ஊருக்குப் போய்விட்டால் யார் ஆடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில், "இவங்களையெல்லாம் என்னன்னு சொல்லுவாங்க?" தேவரடியார் என்று சொன்னேன். அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியம்மா, பிள்ளைகிட்ட இந்த வார்த்தையெல்லாம் எதுக்கு?" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லை இன்னொரு முறை, ஒவ்வொரு எழுத்தாக, பொருளோடு சொல்லிக்கொடுத்தேன்.

2022-இல் விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சின்ன வயதில் முருகனுக்குப் பொட்டுக் கட்டப்பட்டு, மலைப்படி ஏறிப் போய்ச் சதிராடியவர். அந்தக் கோயிலில் ஊழியம் செய்த கடைசித் தலைமுறைப் பெண். விருது வாங்கியபோது கொடுத்த பேட்டிகளில் அவர் தயங்காமல் சதிர் என்றே சொன்னார். பெரியம்மாவுக்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த உரிமையோடு அதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2010 செப்டம்பரில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடியபோது, பத்மா சுப்ரமணியம் தலைமையில் 1000 பேர் அந்த வளாகத்தில் ஆடினார்கள். மனம் நிறையப் பார்க்க வேண்டிய காட்சி அது. இனி அங்கே அப்படி ஒரு விழா நடந்தால், ஆட்டம் தொடங்குவதற்கு முன் மதிலில் உள்ள பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். தெரு, சிறகு, வந்த கோயில் எதையும் விடாமல், நக்கன் சேரமங்கை, நக்கன் தில்லையழகி, நக்கன் எடுத்தபாதம் என்று ஒவ்வொருத்தியாக. பெயர்களை மட்டும் நான் வாய்விட்டு வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வர்ணம் ஆடுகிற நேரம்கூட ஆகவில்லை.